வலிக்காத புண்ணும் வாங்கித் தின்ற மாத்திரையும்

சிபிலிஸ் புண் வலிக்காது. உறவு நடந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ உதட்டிலோ ஒரே ஒரு புண் வரும். ஓரம் கெட்டியாக இருக்கும், தொட்டாலும் உறுத்தாது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். அந்த நாட்களில் ஆள் மெடிக்கலில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால், ஆறிய பெருமை முழுவதும் மாத்திரைக்குப் போய்ச் சேரும். நண்பன் ஒருவன் இதே தொல்லையோடு வந்தால் அவனுக்கும் அதே மாத்திரையைச் சொல்வார். சில வாரங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வரலாம். அரிப்பு இருக்காது, அவையும் மறைந்துவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் எந்தச் சத்தமும் இல்லை. சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பெருந்தமனியிலும் மூளையிலும் தலை காட்டும். நோய் கருவுற்ற பெண்ணிடம் இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்காது. குழந்தை இறந்தே பிறக்கலாம்.

பால்வினை நோய்த் தடுப்பு என்று பேச்சு வந்தால் நாம் ஒழுக்கத்தையோ ஆணுறையையோ சொல்லி முடித்துவிடுகிறோம். ஆன்டிபயாடிக்கைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது பற்றிய பேச்சு மக்களின் அறியாமையைக் குறை சொல்வதோடு நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் என்பது என் முடிவு. நம் ஊரில் மாத்திரை தெருமுனையில் கிடைக்கிறது, பரிசோதனை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போனாலும் பெயர் எழுதி, வரிசையில் நின்று, பிறர் காதில் விழும்படி நோயைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசோதனை இல்லாத இடத்தை மாத்திரை பிடித்துக்கொண்டது. இந்தத் தூரத்தைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் நோய் இன்னும் ஆழத்தில் போய் ஒளியும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகளான கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் ஆகியவற்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 37.4 கோடி புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை அறிகுறி காட்டாதவை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. கருக்குழாய் அடைபட்டு, குழந்தையில்லை என்று மருத்துவமனை ஏறும்போதுதான் பழைய கதை வெளியே வரும். அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கமான எண்ணம் இந்த நோய்களிடம் செல்லாது.

மாலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தை ஒட்டிய எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் பார்க்கலாம். கூட்டம் குறையும்வரை ஓரமாக ஒருவர் நிற்பார். அப்புறம் கவுண்டரில் குனிந்து, "அண்ணே, யூரின் போறப்ப எரியுது" என்பார். "எத்தனை நாளாப்பா?" "நாலு நாளா. லேசா சீழ் மாதிரியும் வருது." கடைக்காரர் அதற்குமேல் கேட்பதில்லை. கேட்டால் ஆளைச் சங்கடப்படுத்தியதாகும் என்று அவருக்குத் தெரியும். அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை அட்டை ஒன்று மேஜைக்கு வரும். சில கடைகளில் கூடவே செஃபிக்சிம் 200. இன்னும் சில கடைகளில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல். "உடம்பு சூடுதான். மோர் குடி, தண்ணி நிறைய குடி. சரியாகலன்னா டாக்டரப் பாரு." எல்லாம் இரண்டு நிமிடத்தில், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அந்த எரிச்சல் கொனோரியாவாக இருக்கலாம், கிளமிடியாவாக இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியமாகவோ டிரைகோமோனாசாகவோ ஹெர்பீஸாகவோ சாதாரண நீர்ப்பாதைத் தொற்றாகவோகூட இருக்கலாம். இரண்டு சேர்ந்தும் வரும். கொனோரியா வந்தவரிடம் கிளமிடியாவும் இருப்பது சகஜம். இத்தனைக்கும் அட்டை ஒன்றுதான். கொனோரியாவுக்கு அசித்ரோமைசினைத் தனியாக நம்புவதை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. ஓஃப்ளாக்சசின் வகை மருந்துக்கு இந்தியாவில் பெரும்பாலான கொனோரியாக் கிருமிகள் மசிவதே இல்லை. கிளமிடியாவுக்கு இப்போது முதல் தேர்வு டாக்சிசைக்ளின், நாளைக்கு இரண்டு வேளையாக ஏழு நாள். மைக்கோபிளாஸ்மா அசித்ரோமைசினுக்கு வேகமாகப் பழகிவிடும். ஹெர்பீஸ் வைரஸ், ஆன்டிபயாடிக் அதை அசைக்காது. சிபிலிஸ் கிருமியில் அசித்ரோமைசினை எதிர்க்கும் மரபணு மாற்றம் 2000களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் தென்பட்டு, இன்று பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. சீழ் நின்றதும் ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நின்றது எது, உள்ளே தங்கியது எது என்று சொல்ல யாராலும் முடியாது.

கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் மறுத்தால் அடுத்த கடை, அதற்கடுத்த கடை. அவரிடம் வந்து நிற்பவர் கட்டிட வேலைக்கு வந்தவராக இருப்பார், லாரி கிளீனராக இருப்பார், கல்லூரி விடுதி மாணவராக இருப்பார். அரைநாள் கூலியை விட்டு அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வாங்க அவரால் முடியாது. தனியார் கிளினிக்கில் பீஸ் கொடுத்தால் அங்கும் பெரும்பாலும் இதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், பரிசோதனை இல்லாமல். இந்த வெட்கத்தை வைத்து ஒரு தொழிலே நம் நாட்டில் நெடுங்காலம் நடந்தது. மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊர் லாட்ஜில் முகாம் போட்ட வைத்தியர்களும், சுவரெங்கும் ஒட்டிய 'ரகசிய நோய்' விளம்பரங்களும், நோயைவிட நோயாளியின் பயத்துக்குத்தான் மருந்து விற்றன. ரகசியம் காப்பாற்றப்படும் என்ற ஒரே உத்தரவாதத்துக்காக மக்கள் எதையும் விழுங்கத் தயாராக இருந்தார்கள். மருந்துக் கடையும் இன்று அந்த உத்தரவாதத்தைத்தான் தருகிறது. அரசு மருத்துவமனை அதைத் தர முடியாதா என்பதுதான் கேள்வி.

கொனோரியாவின் வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடித்த கிருமி அது. 1930களில் சல்ஃபா மருந்துகள் வந்தன; பத்தாண்டு தாங்கவில்லை. 1943க்குப் பிறகு பெனிசிலின் வந்தது. முதலில் சிறிய அளவுக்கே அடங்கிய கிருமிக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது; 1970களில் ஒரே தடவைக்கு 48 லட்சம் யூனிட் போட்டார்கள். 1976இல் பெனிசிலினையே உடைத்துப் போடும் நொதியோடு கிருமி வந்து சேர்ந்தது. அடுத்து டெட்ராசைக்ளின் போயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் வகையை 2007இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கொனோரியாப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2012இல் வாய்வழி செஃபிக்சிமையும் முதல் வரிசையிலிருந்து இறக்கியது. மிச்சம் இருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2009இல் ஜப்பானின் கியோட்டோவில், ஒரு பாலியல் தொழிலாளியின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி அந்த ஊசியையும் எதிர்த்தது. 2018இல் தென்கிழக்கு ஆசியாவில் தொற்று வாங்கி இங்கிலாந்து திரும்பிய ஒருவரிடம் செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் இரண்டுக்கும் அடங்காத கிருமி இருந்தது. மருத்துவமனையில் வைத்து, ரத்த நாளம் வழியாக எர்டாபெனம் ஏற்றித்தான் அவரைக் குணப்படுத்தினார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் பத்திரப்படுத்தி வைக்கும் மருந்து வகை அது. ஸோலிஃப்ளோடாசின், ஜெப்போடிடாசின் என்ற இரண்டு புதிய வாய்வழி மருந்துகள் பெரிய ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் முன்னால் வந்தவை எவ்வளவு காலம் நீடித்தன என்பது கண்முன் இருக்கிறது.

தொண்டை என்று சொன்னேன். இந்தக் கதையின் மையமே அங்கேதான் இருக்கிறது. நம் எல்லோர் தொண்டையிலும் தீங்கில்லாத நைசீரியா வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. கொனோரியாக் கிருமிக்கு அவை பங்காளிகள். சளி, தொண்டைக்கரகரப்பு, காய்ச்சல் என்று நாம் ஆன்டிபயாடிக் போடும் ஒவ்வொரு முறையும் அவற்றில் மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகுகின்றன. வாய்வழி உறவு மூலம் கொனோரியா தொண்டைக்கு வந்தால், அங்கே செத்துச் சிதறிக் கிடக்கும் பங்காளிகளின் மரபணுத் துண்டுகளை வாரி எடுத்துத் தன்னில் சேர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து மரபணுவை எடுத்துக்கொள்வதில் அந்தக் கிருமி கைதேர்ந்தது. செஃபிக்சிமுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத வகைகளில் பெனிசிலின் பிணையும் புரதத்தின் மரபணு ஒட்டுப்போட்டதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம். தொண்டைத் தொற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறியும் கிடையாது.

இதோடு ஒரு இந்தியப் புள்ளிவிவரத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. நாடு அதிகம் விழுங்கிய தயாரிப்பு அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை, மொத்தத்தில் 7.6 விழுக்காடு. அடுத்தது செஃபிக்சிம் 200 மி.கி., 6.5 விழுக்காடு. இவற்றில் பெரும்பங்கு சளிக்கும் காய்ச்சலுக்கும் போனதாகத்தான் இருக்கும். ஆனால் கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் நம் அரசுத் திட்டம் பல்லாண்டு நம்பியிருந்த இணையும் இதுவேதான், அசித்ரோமைசினும் செஃபிக்சிமும். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் குடும்பத்தலைவிக்கும் பால்வினை நோய்க்கும் என்ன தொடர்பு என்றால், இதுதான் தொடர்பு.

அரசுத் திட்டம் என்று வந்ததால் அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆய்வகம் இல்லாத இடங்களில் நோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் அறிகுறி அடிப்படையிலான சிகிச்சை முறையை வகுத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ அதை ஏற்று, 2007 வழிகாட்டுதலையொட்டி ஏழு வண்ணப் பொட்டலங்களை உருவாக்கியது. சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி., இரண்டும் ஒரே வேளை. பெண்ணுக்கு வெள்ளைப்படுதல், அரிப்பு என்றால் பச்சை: செக்னிடசோலும் ஃபுளுக்கோனசோலும். புண் என்றால் வெள்ளை, அதில் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி உண்டு. கொப்புளம் என்றால் சிவப்பு, உள்ளே அசைக்ளோவிர். மருத்துவர் முன்னால் சாப்பிடவைத்து, துணைக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். எளிமை, இலவசம், அன்றைக்கே சிகிச்சை. சீழோடு வந்த ஆண்களுக்கும் புண்ணோடு வந்தவர்களுக்கும் இது பெரிய உதவி செய்தது, எச்.ஐ.வி. பரவலைக் குறைத்ததிலும் இதற்குப் பங்குண்டு. இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

ஆனால் பெண்கள் விஷயத்தில் இந்த முறை தடுமாறுகிறது. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணம் பால்வினை நோயே இல்லை. பூஞ்சையோ யோனியில் இயல்பாக வாழும் கிருமிகளின் சமநிலைக் குலைவோதான். தேவையில்லாத பெண்ணுக்கு மருந்து போகிறது, கூடவே கணவன் மீதான சந்தேகமும் வீட்டுக்குள் போகிறது. மறுபக்கம், கருப்பை வாயில் கிளமிடியா உள்ள பெண்ணுக்கு அறிகுறியே இராது. அவர் வரிசையில் நிற்கவே மாட்டார், எந்த வண்ணப் பொட்டலமும் அவரை எட்டாது. மருந்துக் கடை கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை அரசு ஒரு கண்ணைத் திறந்து கொடுக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டு கண்ணும் திறக்க ஆய்வகம் வேண்டும்.

சரி, பரிசோதனைக்குப் போகிறவர் என்ன கேட்க வேண்டும்? முதலில் காலத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். உறவு நடந்த மறுநாள் ஓடிப்போய் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்ற தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தாள் அன்றைய உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை 18 முதல் 45 நாளில் தொற்றைக் காட்டும். விரலில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். சிபிலிஸுக்கு சில வாரம் முதல் மூன்று மாதம். கிளமிடியா, கொனோரியாவுக்குப் பி.சி.ஆர். வகைப் பரிசோதனை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண்டுபிடிக்கும். ஆண்கள் முதலில் வரும் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். பெண்கள் யோனியில் தாங்களே பஞ்சுக்குச்சி எடுத்துக் கொடுக்கலாம், மருத்துவர் எடுப்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சிறுநீர் மட்டும் போதாது. தொண்டையிலும் மலக்குடலிலும் தனியாக எடுக்காவிட்டால் தொற்றில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகும். இதைக் கேட்க நோயாளி கூசுகிறார், சொல்ல மருத்துவரும் கூசுகிறார். 2018இல் உச்ச நீதிமன்றம், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கத்தியை இறக்கிய பிறகும் ஓ.பி. அறையில் அந்தக் கூச்சம் நீங்கவில்லை.

மாத்திரை போட்டுவிட்டு வருபவரிடம் மருத்துவருக்கு வேறு சங்கடம். அரைகுறை ஆன்டிபயாடிக், வளர்ப்புச் சோதனையில் கிருமியை முளைக்கவிடாது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறியும் வழி அடைபடும். பி.சி.ஆரோ செத்த கிருமியின் மரபணுவையும் சில வாரம் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எதைச் சாப்பிட்டோம், எத்தனை சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்வது முக்கியம். காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

சிபிலிஸ் பரிசோதனைத் தாளை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். வி.டி.ஆர்.எல். 'ரியாக்டிவ், 1:32' என்று எழுதியிருக்கும். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்க்கவைத்த பிறகும் எதிர்வினை தெரிந்தது என்ற கணக்கு அது. சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் திரும்பப் பார்க்க வேண்டும். 1:32 என்பது 1:8க்கு இறங்கினால் நான்கு மடங்கு குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்திருக்கிறது. ஒரு தாளோடு விஷயம் முடிவதில்லை. வேறு காரணங்களாலும் வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் ஆகும் என்பதால் டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்வார்கள்.

இந்த நோய்க்கு மருந்து மிக எளியது. 1943இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளைப் பெனிசிலினால் குணப்படுத்தினார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சிபிலிஸ் கிருமி பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின், இடுப்பில் ஒரே தடவை. கருவில் உள்ள குழந்தையைக் காப்பாற்றவும் நம்பத்தக்க மருந்து இது ஒன்றே. ஆனால் நம் மருத்துவர்களில் பலர் ஒவ்வாமைக்குப் பயந்து இதைப் போடவே தயங்கி மாத்திரைக்குத் தாவுகிறார்கள். பயம் பொய்யில்லை, ஆனால் கடும் ஒவ்வாமை மிக அரிது. அவசர மருந்துகள் கைவசம் உள்ள இடத்தில் சமாளிக்கக்கூடியது. ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வரும் எதிர்வினை அது, மறுநாள் தணிந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால் நோயாளி 'ஊசி ஒத்துக்கல' என்று முடிவுகட்டி, அடுத்த முறை நேராக மருந்துக் கடைக்கே போவார்.

பரிசோதனைக்கான அடித்தளம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அந்த அதிர்ச்சி இங்கே வேலையாக மாறியது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரக் கேள்வி 2000களின் தொடக்கத்தில் ஊர்ச் சுவர்களையெல்லாம் நிறைத்து, வீட்டில் பேசாத விஷயத்தைத் தெருவில் பேசவைத்தது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரில் இலவச எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு. பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமின்றிப் பரிசோதிக்கவும் முடிவை வெளியே சொல்லவும் தடை விதிக்கிறது. நம்பிக்கை மையத்தில் நல்ல ஆலோசகர் வாய்த்தால், கதவைச் சாத்திவிட்டு, "யாரோட, எப்ப" என்று விசாரணை நடத்தாமல், "உங்களுக்கு என்ன பயமா இருக்கு, சொல்லுங்க" என்று தொடங்குவார். அந்த ஒரு கேள்விக்காகவே அங்கே போகலாம்.

தடுப்பில் ஆணுறைக்கு இணை இன்னும் வரவில்லை. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா மூன்றையும் நன்றாகத் தடுக்கும். தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்பீஸ், சிபிலிஸ், எச்.பி.வி. ஆகியவற்றில் பாதுகாப்பு ஓரளவுதான். எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது; புனேயில் தயாராகும் செர்வாவேக் 2023 ஜனவரியில் வெளிவந்தது. பெண் பிள்ளைகளுக்கு இதைப் போடுவதைப் பாலியல் பேச்சாகப் பார்த்துத் தள்ளிப்போடும் பெற்றோர், கருப்பைவாய்ப் புற்றுநோய் வார்டை ஒருமுறை பார்த்தால் போதும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிறந்த குழந்தைக்கே போடப்படுகிறது. பெரியவர்களில் போடாதவர்கள் ஏராளம். எச்.ஐ.வி. அபாயம் உள்ள உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் 28 நாள் மருந்தைத் தொடங்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து அபாயத்தில் இருப்பவர்கள் முன்தடுப்பாகவே மாத்திரை எடுத்துக்கொள்ளும் பிரெப் முறையும் இருக்கிறது. அதற்கு மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனை கட்டாயம் என்பதால் பிற தொற்றுகளும் அகப்பட்டுவிடுகின்றன.

ஆன்டிபயாடிக்கையே தடுப்பாகப் பயன்படுத்தலாமா? இப்போது உலகெங்கும் நடக்கும் பெரிய விவாதம் இது. உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் 200 மி.கி. போட்டால், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் பாக்டீரியத் தொற்றுகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததை சான் ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில் ஆய்வு காட்டியது. 2023இல் வெளியான அதன் முடிவைத் தொடர்ந்து, சென்ற ஓராண்டில் பாக்டீரியப் பால்வினைத் தொற்று வந்தவர்களுக்கு மருத்துவரோடு பேசி இதைத் தரலாம் என்று 2024இல் அமெரிக்காவில் வழிகாட்டுதலும் வந்தது. ஆனால் கென்யாவின் கிசுமு நகரில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. மருந்தின் தடயம் தேடித் தலைமுடியைப் பரிசோதித்தபோது பலர் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை என்பது தெரிந்தது. பெண்களுக்கு அந்த மாத்திரையைக் கையில் வைத்திருக்கவும் நேரத்துக்கு விழுங்கவும் என்ன தடை என்பதை நம் வீடுகளை அறிந்தவர்கள் ஊகிக்கலாம்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் கடற்படையினர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம், தூரக்கிழக்குத் துறைமுகம் ஒன்றில் இறங்கித் திரும்பியதும் மினோசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். எளிதில் அடங்கும் கொனோரியா குறைந்தது, அடங்காத வகை தங்கிவிட்டது. இன்றும் டாக்சிசைக்ளின் தடுப்பு சிபிலிஸுக்கும் கிளமிடியாவுக்கும் நன்றாகவும், கொனோரியாவுக்குக் குறைவாகவும் உதவுவதன் காரணம் அதுவே. குறிப்பிட்ட ஆட்களுக்கு, மூன்று மாதப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்காணிப்பில் இது நியாயமான வழி என்றுதான் நினைக்கிறேன். பரிசோதனைப் பகுதியை வெட்டிவிட்டு மாத்திரைப் பகுதி மட்டும் செல்போன் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தால், கவுண்டரில் இன்னொரு அட்டை கூடும், அவ்வளவே. ஆன்டிபயாடிக்கைத் தொடாமல் கொனோரியாவைத் தடுக்கும் வழியும் தென்படுகிறது. மூளைக்காய்ச்சல் பி தடுப்பூசி கொனோரியாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக 2017இல் நியூசிலாந்து ஆய்வு காட்டியது. இங்கிலாந்து 2025இல் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அதைப் போடத் தொடங்கியது.

சட்டத்துக்கு வருவோம். 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 நடைமுறையில் இருக்கிறது. அதன்படி செஃபிக்சிம் விற்கும் கடை, எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் அந்தப் பட்டியலில் இல்லை. சீட்டு வேண்டும் என்ற பழைய ஷெட்யூல் எச் விதி மட்டுமே அவற்றுக்கு. இந்தப் பட்டியல் உருவாவதற்கு முன் 2012இல் சென்னையில் கூடிய மருத்துவர் அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. ஒரே நாளில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் பூட்டிவைப்பது மருத்துவரே இல்லாத ஊர்களில் ஆளைக் கொல்லும், ஆகவே படிப்படியாக இறுக்குவோம் என்பது அதன் போக்கு. அந்த நிதானம் சரி என்றே இன்றும் படுகிறது. கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைச் சோதனையிடத் தொடங்கியது. தமிழ்நாடும் செய்யலாம். ஆனால் கவுண்டரில் இல்லை என்று சொல்லும் கடைக்காரர் கையில், "இங்கே போ, பெயர் கேட்க மாட்டாங்க, காசில்ல, இன்னிக்கே ரிசல்ட்" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டும்.

அன்றைக்கே ரிசல்ட் என்பது கனவில்லை. காசநோய்த் திட்டத்துக்காக மாவட்டங்கள்தோறும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் வாங்கி வைத்திருக்கிறோம். அதே கருவியில் வேறு கேட்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்தினால் கிளமிடியா, கொனோரியா இரண்டையும் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிடும். கருவி இருக்கிறது, இயக்கத் தெரிந்த டெக்னீஷியன் இருக்கிறார், மின்சாரமும் ஏசி அறையும் இருக்கின்றன. கேட்ரிட்ஜின் விலைதான் தடை. ஒரு பெரிய மாநிலம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் நாட்டில் குறைவு. மருந்து வாங்குவதில் இந்தியாவுக்கே வழிகாட்டிய நிறுவனம் அது. முதலில் கர்ப்பிணிகளுக்கும், சுகவாழ்வு மையத்துக்கு வரும் எல்லோருக்கும், அவர்களின் துணைகளுக்கும் என்று தொடங்கலாம். கணவன் மட்டும் ரகசியமாக மாத்திரை போட்டு, மனைவிக்குச் சொல்லாமல், அடுத்த மாதமே அவளிடமிருந்து தொற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே கடைக்கு வருவது இன்று வழக்கமாக இருக்கிறது. சிகிச்சை முடித்தவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்ற விதி இந்தக் காரணத்துக்காகவே எழுதப்பட்டது. அந்த மறுபரிசோதனைக்கான கேட்ரிட்ஜையும் சேர்த்தே கொள்முதல் பட்டியலில் எழுத வேண்டும்.